நாலு ஊர்ப் பிள்ளைகள், ஒரே லைன்: லீவுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கல்முனைக்குப் பக்கத்தில் சிறிய தையல் தொழிற்சாலை நடத்துகிறேன். 45 பேர் வேலை செய்கிறார்கள். தொடக்கத்தில் எல்லாரும் பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளைகள். ஓடர் கூடியதும் மருதமுனை, சாய்ந்தமருதிலிருந்து முஸ்லிம் பிள்ளைகளையும் அம்பாறைப் பக்கமிருந்து சிங்களப் பிள்ளைகளையும் எடுத்தேன். இப்போது யாருக்கு லீவு கொடுத்தாலும் ‘அவங்களுக்கு மட்டும் எப்படி?’ என்ற பேச்சு. சாப்பிடும்போது மூன்று கூட்டமாகப் பிரிந்து உட்காருகிறார்கள். காது கேளாத ஒரு பிள்ளை வேலை கேட்டு வந்திருக்கிறாள். சுப்பர்வைசர் ‘சரிவராது’ என்கிறார். பெரிய கொம்பனிகளில் இதையெல்லாம் பார்க்கத் தனியாக ஆட்கள் உண்டு. என்னைப் போன்றவர் என்ன செய்வது?

பதில்: முதலில் சாப்பாட்டு மேசையை விட்டுவிடுங்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சோறு சாப்பிடுவது இனப் பிரச்சினை அல்ல. வீட்டுக் கதை பேச அவர்களுக்குக் கிடைப்பதே அந்தக் கொஞ்ச நேரம்தான். கலந்து உட்காரச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் யாருக்கும் சோறு இறங்காது. பிரிட்ஜில் மட்டும் தட்டுகளைப் பிரித்து விடுங்கள். மாட்டிறைச்சிக் கறியும் வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாடும் ஒன்றின் மேல் ஒன்று இருக்க வேண்டியதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது மெஷின் பக்கத்தை. நூல் சிக்கினால் பக்கத்து மெஷின் பிள்ளையிடம் கேட்கிறார்களா, இல்லை நாலு மெஷின் தாண்டி ஊர்க்காரியைத் தேடிப் போகிறார்களா? ஊர்க்காரியைத் தேடிப் போகிறார்கள் என்றால் அங்கேதான் வேலை கெடுகிறது. ஆட்கள் வந்து சேர்ந்த ஒழுங்கிலேயே லைனும் ஊர் ஊராக அமைந்திருக்கும். கைத்திறன் பார்த்து இடங்களை மாற்றிப் போடுங்கள். போடும்போதே காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

உண்மையான சிக்கல் லீவில் இருக்கிறது. எழுதி வைத்த விதி இல்லாத இடத்தில், முதலாளி சொல்லும் ஒவ்வொரு ‘ஓம்’, ‘இல்லை’க்கும் பின்னால் ஆட்கள் இனக் கணக்குப் பார்ப்பார்கள். அம்பாறை மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் சுமார் 43 சதவீதம், சிங்களவர் 39, தமிழர் 17. தனிப் பெரும்பான்மை எவருக்கும் இல்லை. அதனால் தாங்கள்தான் ஏமாற்றப்படுகிறோம் என்று மூன்று பக்கத்தாருக்கும் தோன்றுவது இங்கே மிகச் சுலபம்.

சட்டப்படி என்ன நிலை? சம்பளச் சபைக்குள் (தொழில்வாரியாகக் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சபை) வரும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய விடுமுறைகள் ஒன்பது: தைப்பொங்கல், தேசிய தினம், சித்திரைப் புத்தாண்டும் அதற்கு முதல் நாளும், மே தினம், வெசாக்கும் அடுத்த நாளும், மீலாதுன் நபி, நத்தார். பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். நோன்புப் பெருநாள் இல்லை, ஹஜ்ஜுப் பெருநாள் இல்லை, தீபாவளி இல்லை. அவை அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் விடுமுறை. தனியார் துறைக்குக் கட்டாயமில்லை. உங்கள் ஆட்களில் பெரும்பகுதிக்கு ஆண்டின் மிகப் பெரிய நாள்கள் இவைதான். ஆக, அந்த நாள்களில் கொடுப்பதெல்லாம் ‘முதலாளி பார்த்துக் கொடுத்தது’ ஆகிவிடுகிறது. பிறகு பேச்சு வராமல் இருக்குமா?

செய்ய வேண்டியது இது. ஆண்டு தொடங்குமுன் ஒரு நாட்காட்டி போடுங்கள். ஒன்பது நாளும் எல்லாருக்கும் பொது. அதில் கை வைக்காதீர்கள். போயா (பௌர்ணமி) நாளில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம், அதையும் அதிலேயே எழுதுங்கள். அதற்கு மேல் ஆளுக்கு இரண்டோ மூன்றோ ‘சொந்த விசேஷ நாள்’ கொடுங்கள். ஒருவர் அதைப் பெருநாளுக்கு எடுப்பார், இன்னொருவர் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்கு எடுப்பார், வேறொருவர் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு எடுப்பார். எந்த நாள் என்பது அவரவர் விருப்பம். எத்தனை நாள் என்பது எல்லாருக்கும் ஒன்று. பெருநாள் எந்த நாள் என்பது பிறை பார்த்த பிறகுதான் உறுதியாகும் என்பதால், அது வரக்கூடிய இரண்டு நாளிலும் ஓடர் அனுப்பும் தேதி வைக்காதீர்கள். இதை முன்கூட்டியே யோசிக்காத முதலாளிதான் கடைசி இரவில் போனில் கெஞ்சிக்கொண்டிருப்பார்.

விதியை எழுதும்போது சமூகத்தின் பெயரைப் போடாமல் தேவையின் பெயரைப் போடுங்கள். ‘முஸ்லிம் பிள்ளைகள் ரமழானில் அரை மணித்தியாலம் முன்னதாகப் போகலாம்’ என்று எழுதினால் அது சலுகையாகத் தெரியும். ‘நோன்போ விரதமோ பிடிப்பவர் அரை மணித்தியாலம் முன்னதாகத் தொடங்கி முன்னதாகவே போகலாம்’ என்று எழுதினால் கந்தசஷ்டி பிடிக்கும் பிள்ளைக்கும் அது பொருந்தும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும் அப்படித்தான். கட்டர், மெக்கானிக் என்று பள்ளிவாசலுக்குப் போகும் ஆண்கள் இருந்தால், அன்றைக்கு எல்லாருக்குமே மதிய இடைவேளையை நீட்டி, அந்த நேரத்தை மற்ற நாள்களில் ஈடுகட்டலாம். நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும், குறிப்பாகத் தீப் பாதுகாப்பு பற்றியவை.

உடுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் வரும். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்த பிறகு அந்த ஆண்டில் சில மாதம் முகத்தை மூடுவதற்குத் தடை இருந்தது. அபாயாவுக்கோ தலையை மூடுவதற்கோ அல்ல. சில முதலாளிமார் இரண்டையும் குழப்பி நல்ல தையல்காரிகளை இழந்தார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கும் துணி எதுவும் ஆபத்து, அவிழ்ந்த பின்னலும் ஆபத்து. ‘முனை உள்ளே செருகி, பின் குத்தி, முடியைக் கட்டி’ என்று ஒரே விதி எல்லாருக்கும் போதும்.

ஆள் எடுப்பதில் உங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். இருப்பவர் தன் மச்சாளைக் கூட்டி வருவார், அவர் தன் தங்கச்சியைக் கூட்டி வருவார். செலவில்லாத வழிதான், ஆனால் மூன்று வருடத்தில் தொழிற்சாலை ஒரு குடும்பக் கொண்டாட்டம் ஆகிவிடும். அறிவித்தலைக் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள். வருகிறவர்களிடம் ஒரு கொலர், ஒரு கை தைக்கக் கொடுத்து, அதில் பெயருக்குப் பதிலாக இலக்கம் ஒட்டுங்கள். இலக்கத்தை மட்டும் பார்த்து சுப்பர்வைசர் புள்ளி போடட்டும். முடிவு அவருக்கே ஆச்சரியமாக இருக்கலாம்.

முறைப்பாடு கேட்க இரண்டு பேரை நியமியுங்கள். இருவரும் ஒரே ஊராக இருக்கக் கூடாது, ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், சுப்பர்வைசர் அதில் வேண்டாம். பாலியல் தொந்தரவு இங்கே தண்டனைக்குரிய குற்றம். 1995 திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் வந்தது. ‘சும்மா பகிடிக்கு’ என்று மூடி மறைக்கும் விஷயம் அல்ல.

கல்முனை வடக்கு பிரதேச செயலக விவகாரம் (அதைத் தரமுயர்த்தத் தமிழர் கேட்பதும் முஸ்லிம்கள் எதிர்ப்பதும்) சூடாகும் நாள்களில் ஒன்றைப் பாருங்கள்: தொழிற்சாலையின் முகநூல் பக்கத்தில் எந்தப் பக்கத்தின் பதிவும் போகக் கூடாது. உங்கள் சொந்தப் பக்கத்திலும் அடக்கி வாசியுங்கள். பிள்ளைகள் பார்ப்பார்கள்.

சரி, அந்தக் காது கேளாத பிள்ளை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஒருவரை வேலைக்குச் சேர்க்கும்போது ஊனத்தைக் காரணம் காட்டிப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. 3 சதவீத ஒதுக்கீட்டுச் சுற்றறிக்கை அரச துறைக்கானது. உங்களுக்கு அப்படி எண்ணிக்கை எதுவும் இல்லை. ஆனால் ‘காது கேளாது, அதனால் வேண்டாம்’ என்று சொல்லவும் முடியாது. ‘சரிவராது’ என்றால் எது சரிவராது என்று சுப்பர்வைசரிடமே கேளுங்கள். தையல் கண்ணும் கையும் செய்யும் வேலை. மற்றவர்களுக்குக் கொடுத்த அதே கொலரை அவளுக்கும் கொடுங்கள். நன்றாக வந்தால் சேர்த்து, சுப்பர்வைசர் நடமாடுவதை அவள் பார்க்கக்கூடிய மெஷினைக் கொடுங்கள். சொல்ல வேண்டியதை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அல்லது எழுதிக் காட்டுங்கள். தீ மணியோடு சேர்ந்து எரிகிற ஒரு லைட் பூட்டுங்கள். மணி அடித்தால் அவளைத் தட்டிக் கூட்டிப் போக, பக்கத்து மெஷின்களில் இருவரிடம் பொறுப்புக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் லீவில் நிற்கும் நாளும் வரும்.