வாசகர் கேள்வி–பதில்: வயல் மீத்தேனும் புது நெல் ரகங்களும்

நெல்வயல் மீத்தேன் பூமியைச் சூடாக்குகிறது என்று அறிவியல் இதழில் படித்தேன். தண்ணீர் கட்டியே பழகிய நம் பக்கத்தில் அதைக் குறைக்க வழி உண்டா?
– திருவாரூர் வாசகர்

மீத்தேன் என்றாலே டெல்டாவில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டமும் அதை எதிர்த்த போராட்டமும்தான் நினைவுக்கு வரும். இது வேறு. தண்ணீர் நின்ற சேற்றுக்குள் காற்று போகாது. அங்கே தாளையும் தழையையும் நுண்ணுயிர்கள் மட்கச் செய்யும்போது மீத்தேன் உண்டாகி, பெரும்பகுதி நெல்தண்டின் காற்றறைகள் வழியே வெளியேறுகிறது. எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

வழி, காய்ச்சலும் பாய்ச்சலும்: நடுநடுவே வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் சேற்றுக்குள் காற்று போகும், மீத்தேன் குறையும். எப்போது பாய்ச்சுவது என்பதை மண்ணில் ஊன்றிய குழாயில் நீர்மட்டம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 30 செ.மீ. நீளமும் 15 செ.மீ. விட்டமும் உள்ள பி.வி.சி. குழாயை எடுத்து, கீழ்ப்பாதியில் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள் போடுங்கள். பார்க்க வசதியாக வரப்பை ஒட்டி, மேடோ பள்ளமோ இல்லாத இடத்தில் அந்தப் பாதியை ஊன்றி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். உழவுக்கு அடியில் உள்ள கெட்டி மண்ணைக் குழாய் துளைத்துவிடக் கூடாது. வயலில் தண்ணீர் கட்டிச் சில மணி நேரத்தில் உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக வராவிட்டால் துளைகள் அடைத்திருக்கின்றன. பிடுங்கிக் கழுவி மறுபடி ஊன்றுங்கள்.

நட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். களை அதிகமென்றால் இன்னும் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும். குழாயில் நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, பூத்து ஒரு வாரம் வரை காயவே விடாதீர்கள். அப்போது காய்ந்தால் பதர் மிகும்.

எல்லா வயலுக்கும் இது பொருந்தாது. பம்புசெட் உள்ள குறுவைக்கு நன்றாகப் பொருந்தும். முறைவைத்துத் தண்ணீர் வரும் கடைமடையில், நீர் 15 செ.மீ. இறங்கும் நாளில் வாய்க்கால் வறண்டு கிடக்கலாம்; அங்கே காயப்போடச் சொல்வது நியாயமல்ல. ஐப்பசி மழையில் சம்பா வயல் காயாது. வேதாரண்யம் பக்கத்து உவர் மண்ணைக் காயவிட்டால் உப்பு மேலே ஏறும். களிமண் அளவுக்கு மீறிக் காய்ந்து வெடித்தால், அடுத்த பாய்ச்சல் வெடிப்பு வழியே போய்விடும். யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் கெடுதல்தான்: நனைந்து காயும் மண்ணில் மிச்சத் தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாகும். அது மீத்தேனைவிடக் கொடிய வெப்ப வாயு.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்தால் 30% வரை தண்ணீர் மிச்சம் என்கிறார்களே, எனக்கும் அவ்வளவு கிடைக்குமா?
– பாபநாசம் வாசகி

எதோடு ஒப்பிட்ட 30% என்று பாருங்கள். எப்போதும் தண்ணீர் நிறுத்திய வயலோடு ஒப்பிட்ட கணக்கு அது. உங்கள் வயல் இப்போதே நடுநடுவே காய்கிறது என்றால் மிச்சம் குறையும்.

மரபணுத் திருத்திய நெல் வந்துவிட்டதாம். நம்பி வாங்கலாமா?
– சீர்காழி வாசகர்

2025 மே மாதம் இரண்டு ரகங்களை அறிவித்தார்கள். ஒன்று, சம்பா மசூரி என்ற பி.பி.டி. 5204-இலிருந்து ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘டி.ஆர்.ஆர். தான் 100’. மற்றது பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. வேற்று உயிரின் மரபணு சேர்க்காமல், கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தியவை. முதல் ரகத்துக்குச் சொல்லப்படும் 19% கூடுதல் விளைச்சல் சம்பா மசூரியோடு ஒப்பிட்டது. உங்கள் ஆடுதுறை ரகத்தோடு அல்ல. ஆகவே முதல் பருவத்தில் ஒரு மூலையில் மட்டும் போட்டு, பக்கத்திலேயே வழக்கமான ரகத்தையும் அதே நாளில், அதே உரத்தில் நட்டு, தனித்தனியாக எடைபோட்டுப் பாருங்கள்.

வெள்ளம்தான் உங்கள் கவலை என்றால் சி.ஆர். 1009 சப்-1 பொருத்தமானது. அது மரபணுத் திருத்தமே இல்லை. ஒடிசா ரகம் ஒன்றிலிருந்து, மூழ்கினாலும் தாங்கவைக்கும் சப்-1 மரபணுவை இனக்கலப்பு செய்து கொண்டுவந்தது. சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும். வயது நீண்ட ரகம் என்பதால் சம்பாப் பருவத்தில் முன்கூட்டியே விதைக்க வேண்டும். அந்தக் குணம் காப்பாற்றுவதும் இளம்பயிரைத்தான். கதிர் வந்தபின் மூழ்கினால் வடிகால் தூர்வாரியிருப்பது மட்டுமே உதவும்.