பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாதவர் போன் கேட்டால் மறுக்கலாமா?

தாராளமாக மறுக்கலாம். ஆனால் கேட்பவர் உண்மையிலேயே தவித்துக்கொண்டும் இருக்கலாம். அதனால் நான் போனைக் கொடுப்பதில்லை, உதவியை மட்டும் கொடுக்கிறேன். "எண்ணைச் சொல்லுங்கள், நானே போட்டுத் தருகிறேன்" என்று சொல்லி, ஸ்பீக்கரில் வைத்துக் கையிலேயே பிடித்துக்கொள்வேன். அவசரக்காரர் மறுபேச்சின்றி எண்ணைச் சொல்லிவிடுவார். ஒருமுறை ஒருவர், "என்னைப் பார்த்தால் திருடன் மாதிரியா இருக்கிறது?" என்று சீறினார். எண்ணை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை!

திறந்த போன் என்பது திறந்த பீரோ. ஓடிபி, யுபிஐ, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான். அவர் சொல்லும் எண் நட்சத்திரக் குறியில் தொடங்கினால் அழுத்தவே அழுத்தாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் குறியீடுகள் அப்படித்தான் தொடங்கும். குரல் அழைப்பில் வரும் ஓடிபியும் அங்கே போய்விடும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

"இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதற்கும் என் பதில் ஒன்றுதான்: "என் பஸ் வந்துவிடும், கடைக்காரரிடம் கேளுங்கள்." காரணத்தை நீட்டினால் பேரம் தொடங்கிவிடும். பிறகும் விடாமல் நெருங்கி நின்றால், கூட்டமுள்ள டீக்கடைப் பக்கம் நகர்ந்து அவசர உதவி எண்ணான 112-ஐ அழையுங்கள்.