துபாய்க்கு வேலைக்குப் போகிறேன். ஊரில் அம்மா அப்பாவிடம் அதிகச் செலவில்லாமல் பேச என்ன வழி?

கேட்டவருக்கு ஊர் பாலக்கோடு பக்கம். அடுத்த மாதம் கிளம்புகிறாராம். அம்மாவிடம் பட்டன் போன், அப்பாவிடம் அதுவும் கிடையாது. "எந்த ஆப் போட்டால் காசு மிச்சம்?" என்பது கேள்வி.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம், வேப்பனஹள்ளியைத் தாண்டி ஒரு கிராமம். பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு 2009இல் துபாய் போனேன், ஏசி மெக்கானிக்காக. எட்டு வருஷம் அங்கே. 2017இலிருந்து சிங்கப்பூர். வாங்காத காலிங் கார்டு இல்லை, போடாத ஆப் இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆப் பற்றிய கவலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் இருக்கிற இந்த ஒரு மாதத்தில் ஊரில் இருக்கிற போனைச் சரி செய்யுங்கள். நான் வீணாக்கிய காசில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான் போனது.

2009இல் துபாயிலிருந்து ஊருக்கு நேராகப் போன் போட்டால் நிமிடத்துக்கு ரெண்டு திர்ஹாமுக்குக் கிட்ட ஆகும். பத்து நிமிடம் பேசினால் நம்மூர்க் காசுக்கு இருநூற்றைம்பது ரூபாய். என் சம்பளம் 1,200 திர்ஹாம். வெள்ளிக்கிழமை மட்டும்தான் பேச்சு. கேம்ப் (தொழிலாளர் தங்குமிடம்) கடையில் கார்டு வாங்கி, சுரண்டி, நம்பர் அடித்து, பிறகு 0091 4343 என்று ஆரம்பித்து வீட்டு நம்பரை அழுத்த வேண்டும். 04343 என்பதில் முன்னால் இருக்கிற சைபரை விட வேண்டும் என்று தெரியாமல் முதல் இரண்டு வாரம் வீட்டுக்குப் பேசவே இல்லை என்றால் நம்புவீர்களா? அறையில் இருந்த ஒரு மலையாளி அண்ணன் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் வீட்டில் லேண்ட்லைனை எடுத்துவிட்டு அம்மாவுக்கு செல்போன் வாங்கிக் கொடுத்தோம். அங்கேதான் புதுச் செலவு. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் ஆந்திரா, ஒரு பக்கம் கர்நாடகா. வீட்டுக்குள் இருந்தால் தமிழ்நாட்டு டவர், கொல்லைப்பக்கம் போனால் கர்நாடகா டவர், மாந்தோப்புக்குப் போனால் ஆந்திரா டவர். அந்தக் காலத்தில் வேறு மாநிலத்து டவர் என்றால் ரோமிங். வருகிற போனுக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய்க்கு மேல் பிடிப்பார்கள். நான் இங்கே ரெண்டு திர்ஹாம் கட்டிப் பேசுவேன். அம்மா அங்கே மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டே பேசும், பாலன்ஸ் கரைந்து பாதிப் பேச்சில் கட் ஆகிவிடும். நான் மறுபடி போட்டால் எடுக்க முடியாது. ரெண்டு பக்கமும் தண்டம்.

"ஏண்டா பாதியிலயே வெச்சிட்ட?"

"நான் எங்கம்மா வெச்சேன்?"

இப்படியே ஆறு மாதம். பொங்கலுக்கு லீவில் வந்தபோதுதான் பிடிபட்டது. போனில் நெட்வொர்க்கை 'ஆட்டோமேடிக்' என்பதிலிருந்து 'மேனுவல்' என்று மாற்றி, தமிழ்நாட்டுக் கம்பெனியை மட்டும் எடுக்கும்படி வைத்தேன். டவர் எங்கே நன்றாகக் கிடைக்கிறது என்று வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இடம் கண்டுபிடித்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அம்மா அந்தக் கல்லில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு பாலன்ஸ் போன பேச்சே இல்லை. (2015 ஜூனில் பி.எஸ்.என்.எல். ரோமிங் இன்கமிங்கை இலவசமாக்கியது, மற்ற கம்பெனிகளும் பின்னால் வந்தன. இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தளி, தேன்கனிக்கோட்டை எல்லைப் பக்கம் டவர் மாறி மாறிப் பிடித்து நெட் விட்டு விட்டு வருவது இன்றும் உண்டு. மேனுவலில் வைத்துப் பாருங்கள்.)

மிஸ்டு கால் பாஷை ஒன்றும் வைத்திருந்தோம். ஒரு ரிங் விட்டு வைத்தால் சும்மா, நல்லா கீறோம் என்று அர்த்தம். ரெண்டு ரிங் என்றால் நேரம் கிடைக்கிறபோது கூப்பிடு. அடுத்தடுத்து மூன்று முறை வந்தால் உடனே கூப்பிடு. ஒரு நாள் மத்தியானம் ஏணி மேல் நிற்கிறேன், மூன்று முறை வந்துவிட்டது. ஆயாவுக்குத்தான் (பாட்டி) ஏதோ ஆகிவிட்டது என்று கை கால் ஓடவில்லை. இறங்கி ஓடி, பக்கத்துக் கடையில் இருபத்தைந்து திர்ஹாம் கார்டு வாங்கிப் போட்டால் அப்பா எடுக்கிறார். "செவல கன்னு போட்டிருக்குடா, கெடேரி!" அன்றைக்கு எனக்கு அரை நாள் சம்பளம் போனது. கார்டில் மிச்சம் இருந்த நேரத்துக்கு கன்றுக்குப் பெயர் வைக்கிற பேச்சு.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன்.

துபாய் இருக்கிற அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிவு அனுப்பலாம்; போன் பேச முடியாது, வீடியோவும் வராது. ஃபேஸ்டைமும் அப்படித்தான். சவுதியில் இணையவழிப் பேச்சுக்கு இருந்த தடையை 2017இல் எடுத்தார்கள், அமீரகம் எடுக்கவில்லை. அங்கே இருக்கிற இரண்டு தொலைபேசிக் கம்பெனிகளில் மாதக் கட்டணத்துக்கு 'இன்டர்நெட் காலிங்' பேக் உண்டு. அதைப் போட்டால் போட்டிம் (BOTIM) மாதிரி அனுமதி வாங்கிய ஆப்பில் வீடியோவும் பேசலாம். ஜூம், கூகுள் மீட், டீம்ஸ் இவற்றுக்கும் அனுமதி உண்டு. ஆனால் அம்மாவுக்கு மீட் லிங்க் அனுப்பி "அதை அழுத்தும்மா" என்று சொல்லித் தருகிற பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு இல்லை. கேம்பில் நாலு பேர் வி.பி.என். (தடையைச் சுற்றிக்கொண்டு போக வைக்கிற ஆப்) போடச் சொல்வார்கள். தடை செய்ததைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்த வி.பி.என். போட்டுச் சிக்கினால் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. யாரும் பிடிபடுவதில்லை என்பார்கள். பிடிபட்டால் கட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? போட்டிமை ஊரில் அம்மா போனிலும் இப்போதே போட்டு, ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விமானம் ஏறிய பிறகு அதைப் போனிலேயே சொல்லிப் போட வைப்பது பெரும்பாடு.

இதற்கெல்லாம் பட்டன் போன் ஆகாது. ஏழெட்டாயிரத்தில் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுங்கள், அல்லது உங்கள் பழையதை விட்டுப் போங்கள். இந்த ஒரு செலவுக்கு யோசிக்க வேண்டாம். அது முடியவே முடியாது என்றால் வைபர் அவுட், ரெப்டெல் மாதிரி சாதாரண நம்பருக்குப் பேசுகிற சேவைகள் சில நாடுகளில் கிடைக்கும், போகிற இடத்தில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வந்த புதிதில் ஆயா வீட்டு லேண்ட்லைனுக்கு நான் ஸ்கைப்பில்தான் பேசினேன். அதை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். ஆப்பை நம்பிக் கெட்டவன் என்று என்னைச் சொல்லலாம்.

காசே ஆகாமல் எனக்கு அதிகம் உதவியது குரல் பதிவு. துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். டூட்டி முடித்து, கேம்ப் வந்து, குளித்துச் சமைத்து நிமிரும்போது ராத்திரி எட்டரை. ஊரில் பத்து, தூங்கிவிட்டிருப்பார்கள். காலையில் ஐந்து மணிக்கு வண்டி ஏறும்போது கூப்பிடலாம் என்றால் ஊரில் ஆறரை, அம்மா பால் சொசைட்டியில் கேனோடு நிற்கும். நேரடிப் பேச்சு அமைவதே அபூர்வம். அப்பாவுக்கு எழுதப் படிக்க வராது. மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசி விரலை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டார். முதல் பதிவு பதினோரு நிமிடம் வந்தது. அதில் ஒன்பது நிமிடம் அவர் பேசவில்லை. பதிவு நிற்காமல் ஓட, போன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. மாட்டு மணி, மோட்டார் ஓடுகிற சத்தம், யாரிடமோ தெலுங்கில் "கிளிமூக்கு மாங்காவ இந்த வெலைக்குக் கேட்டா மரத்துலயே விட்டுடறேன்" என்கிற அர்த்தத்தில் ஒரு சண்டை. வண்டியில் சைட்டுக்குப் போகிற வழியெல்லாம் முழுசாகக் கேட்டேன். அந்தப் பதிவை இன்னும் அழிக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கும் இதை ஒன்றை மட்டும் பழக்கிவிட்டுப் போங்கள், போதும்.

வீட்டில் நெட் விஷயம்: 28 நாள் ரீசார்ஜ் வைக்காதீர்கள். முடிகிற நாள் அவர்களுக்கும் தெரியாது, நீங்களும் மறப்பீர்கள். அன்றைக்கு என்று ஏதாவது அவசரம் வரும். வருஷ பேக் போட்டுவிடுங்கள். அங்கிருந்தே கட்ட, வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால் அமீரக, சிங்கப்பூர் நம்பரிலேயே யூ.பி.ஐ. வைக்க 2023இலிருந்து வழி இருக்கிறது; உங்கள் வங்கி தருகிறதா என்று கேளுங்கள். ஊருக்கு ஃபைபர் வந்திருந்தால் அதை எடுப்பது இன்னும் நல்லது. கரண்ட் போனால் ஃபைபர் மோடமும் போய்விடும். அதற்கென்று சின்ன யூ.பி.எஸ். ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குக் கிடைக்கிறது. நான் வாங்கி வைத்த பிறகு கரண்ட் இல்லாத நேரத்திலும் வீடியோ வருகிறது. இருட்டில் அம்மா முகம் தெரியாது என்பது வேறு.

உங்கள் இந்திய சிம்மை மறக்காதீர்கள். வங்கி, ஆதார் ஓ.டி.பி. எல்லாம் அதில்தான். 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் நம்பரைத் துண்டிக்கலாம். பிரீபெய்டில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு இரண்டாவது சிம்மாக உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா போனில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். என் நண்பன் அப்படிச் செய்தான். அவன் அம்மா ஓ.டி.பி.யை அவனுக்குப் படித்துச் சொல்லிப் பழகி, கேட்ட இன்னொருவனுக்கும் படித்துச் சொல்லிவிட்டார்.

இதனாலேயே எங்கள் வீட்டில் தெரியாத நம்பரை எடுக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். போன வருஷம் என் சிங்கப்பூர் நம்பர் மாறியது, வீட்டு நெட்டும் அன்றைக்கு இல்லை. சாதாரணக் காலாகப் போட்டேன். வெளிநாட்டு அழைப்பு என்று திரையில் காட்டியதும் அம்மா கட் செய்தது. மறுபடி போட்டேன், மறுபடி கட். நாலாவது முறை எடுத்து, "டேய், என் பையன் சிங்கப்பூர்ல கீறான், போலீசுல சொல்லிடுவேன்" என்று வைத்துவிட்டது. நம்பர் மாறினால் முதலில் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி, அவர்களையே அம்மா போனில் பெயரோடு சேமித்துத் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. புதுப் போன் வாங்கிக் கொடுத்தால் பழைய ரிங்டோனையே அதில் ஏற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் முதல் வாரம் முழுக்க யாரும் எடுக்கவே இல்லை. எதிர்வீட்டுப் போன் அடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.