சிவப்பு நட்டில் கை வைக்காதீர்கள்: பழைய பிரிட்டிஷ் ராணுவ லாரிகள், கேள்வி பதில்

இங்கிலாந்தில் கனரக வண்டி மெக்கானிக்காக 22 வருடம் ஓடிவிட்டது. சொந்தமாக ஒரு 1943ஆம் வருடத்து பெட்ஃபோர்ட் கியூ.எல். லாரி வைத்திருக்கிறேன். நண்பர்களுடைய ஏ.இ.சி. மேட்டடோர், பெட்ஃபோர்ட் ஆர்.எல். லாரிகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லெஸ்டர் வாசகர்: வணக்கம் அண்ணா. பண்ணைக் கொட்டகை ஒன்றில் 30 வருடமாக நிற்கும் கியூ.எல். லாரியை விலை பேசி முடித்துவிட்டேன். புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

தம்பி, பேட்டரியை இப்போது வாங்காதீர்கள். இஞ்சின் சத்தம் கேட்க எல்லோருக்கும் ஆசைதான், எனக்கும் இருந்தது. ஆனால் ஓடுகிற லாரியைவிட பிரேக் போட்டால் நிற்கிற லாரிதான் முதலில் வேண்டும். பிரேக் டிரம்களைக் கழற்றுங்கள். வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். எல்லா ஹோஸையும் மாற்றுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் பிடித்து ஊதவே ஊதாதீர்கள்; அந்தக் காலத்து லைனிங் கல்நார். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

அப்புறம் இஞ்சின். அது 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர், 72 குதிரைசக்தி. பொறுமையான இஞ்சின், மன்னிக்கும் குணம் உண்டு. பிளக் ஆறையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு வாரம் விடுங்கள். பழைய ஆயிலை வடித்து, இஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிக் கழுவுங்கள். அடியில் களிமண் மாதிரி ஒரு படிவு இருக்கும். அதை விட்டுவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் அது கரைந்து போய் பேரிங்குக்கான எண்ணெய் வழியை அடைக்கும். பிறகு, பிளக் இல்லாமலே ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் நிறுத்திவிடுங்கள், பலம் காட்டாதீர்கள். பிளக் மாட்டி ஹேண்டில் போடும் நாள் வரும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். இஞ்சின் திருப்பி உதைத்தால் கைப்பிடி நழுவிப் போய்விடும். கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் எலும்பு போகும்.

கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கலாம். டேங்கை முகர்ந்து பாருங்கள்: வார்னிஷ் வாசனை வந்தால் உள்ளே பெட்ரோல் பிசினாகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. சக்கரத்தில் எந்த நட்டையும் தொடுமுன் கீழே சக்கரம் பற்றிச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

பர்மிங்ஹாம் வாசகர்: இப்போது பங்கில் கிடைக்கும் ஈ10 பெட்ரோலை என் பெட்ஃபோர்டுக்குப் போடலாமா? ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு கெடுமா?

ஈ10 வேண்டாம். 2021 செப்டம்பரில் அது இங்கே வந்தது. பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம் இரண்டையும் அது மென்மையாக்கிவிடும், தண்ணீரையும் இழுக்கும். எத்தனால் ஐந்து சதவீதம் வரைதான் உள்ள ஈ5 சூப்பர் போடுங்கள். குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள். குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்க விடாதீர்கள். ஈயம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இது அழுத்தம் குறைந்த, மெதுவாகச் சுற்றும் இஞ்சின். வருடத்துக்குச் சில நூறு மைல் ஓட்டும் வண்டிக்கு வால்வு சீட் பெரிய பிரச்சினையாக நான் பார்த்ததில்லை. எப்போதாவது இஞ்சின் சிலிண்டர் ஹெட்டை இறக்கினால் அப்போது கடினமான சீட் போட்டுக்கொள்ளுங்கள்.

டொராண்டோ வாசகர்: அண்ணை, என்னட்ட இருக்கிறது போர்க்காலக் கனடா ஷெவர்லே. இங்கிலாந்து நண்பர் தந்த விட்வொர்த் ஸ்பேனர் ஒன்றும் பொருந்தவில்லையே?

பொருந்தாது அண்ணை. விட்வொர்த் என்பது பழைய பிரிட்டிஷ் மரை முறை. பிரிட்டிஷ் ராணுவ அளவுகோலுக்குக் கனடாவில் கட்டிய வண்டி அது. ஸ்டியரிங் வலப்பக்கம், ஆனால் நட்டும் போல்ட்டும் அமெரிக்க முறை. விட்வொர்த் ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் போல்ட் தண்டின் விட்டம், நட்டின் அகலம் அல்ல. மரையின் கோணமும் வேறு: விட்வொர்த்தில் 55 பாகை, அமெரிக்க மரையில் 60. ஒன்றில் மற்றதைத் திணித்தால் இரண்டு சுற்று இனிமையாக ஏறும், மூன்றாவதில் மரை போய்விடும். கையால் ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.

கோவை வாசகர்: ஐயா, சக்திமான் லாரிக்கு கியர் பாக்ஸ் பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சக்திமான் ஜெர்மனியின் மான் நிறுவனத்து வடிவமைப்பு, ஜபல்பூரில் கட்டியது. என் துறை இல்லை. ராணுவக் கழிவு ஏலத்தில் எடுத்து ஓட்டியவர்களைக் கேளுங்கள்.

லீட்ஸ் வாசகர்: அண்ணா, ஒரு ஏ.இ.சி. மேட்டடோர் வாங்கியிருக்கிறேன். போருக்குப் பிறகு மரம் இழுக்கும் தொழிலில் இருந்த வண்டி. பின்னால் இரும்பு ஜிப் கிரேன் (மரம் தூக்கும் சாய்ந்த கை) கட்டியிருக்கிறார்கள். அதை கேஸ் கட்டரால் வெட்டிவிட்டு, பீரங்கி இழுத்த காலத்து மரப் பாடியும் தார்ப்பாயும் போட ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

வெட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் அந்த வண்டியோடு இருங்கள் தம்பி.

லண்டன் சவுத்தாலில் சுமார் ஒன்பதாயிரம் மேட்டடோர் கட்டினார்கள். 7.58 லிட்டர் டீசல், 95 குதிரைசக்தி, ஏர் பிரேக், நாலு சக்கர இழுவை, நடுவில் கம்பிவடம் சுருட்டி இழுக்கும் ஏழு டன் விஞ்ச். 5.5 அங்குல பீரங்கியை இழுக்கப் பிறந்த வண்டி. போர் முடிந்ததும் ஏலத்தில் போனது. விஞ்சுக்காகத்தான் மர வியாபாரிகளும் ரெக்கவரி கராஜ்களும் வாங்கினார்கள். வாங்கியதும் ராணுவப் பாடியைக் கழற்றிவிட்டு ஜிப் கட்டினார்கள். இன்று நம் கையில் இத்தனை மேட்டடோர் மிஞ்சியிருப்பதே அந்தக் காட்டு வேலையால்தான். வேலை இல்லாத லாரி உடைக்கிற யார்டுக்குப் போயிருக்கும்.

என் வருத்தம் இதுதான்: நீங்கள் வெட்டி எறியப் போவது உண்மையான பொருள், பதிலுக்கு வைக்கப் போவது போன மாதம் அறுத்த பலகை. அதனால் முதலில் கேபினுக்குப் போங்கள். தகட்டுக்கு உள்ளே ஆஷ் மரச்சட்டம் இருக்கிறது. கதவுத் தூணின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி உள்ளே போனால் இரண்டு வருட வேலை அங்கேயே காத்திருக்கிறது.

நியூகாஸில் வாசகர்: என் லாரிக்கு என்ன நிறம் அடிக்கலாம்?

வருடத்தைப் பொறுத்தது. போர் தொடங்கியபோது காக்கி கிரீன் நம்பர் 3. 1942 வாக்கில் எஸ்.சி.சி. 2 (ராணுவ வண்ண எண்) என்ற பழுப்பு. 1944 ஏப்ரலில் இருந்து எஸ்.சி.சி. 15, ஆலிவ் டிராப். போருக்குப் பிறகு டீப் புரான்ஸ் கிரீன் (Deep Bronze Green), அதாவது கரும்பச்சை.

கார்டிஃப் வாசகர்: மேட்டடோர் பதிலை ஏற்க முடியவில்லை. பீரங்கியை இழுத்துப் போரில் நின்ற வண்டி அது. மரக்கட்டை இழுத்ததையா நினைவுச் சின்னமாக வைப்பது? அந்தப் பட்டாளத்துக்காரர்களுக்கு என்ன மரியாதை?

நல்ல கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். மரியாதை வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை. பீரங்கிப் படை வடிவில் ஒழுங்காக நிற்கும் மேட்டடோர்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் நான் தொப்பியைக் கழற்றி நின்றிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு மேட்டடோரையும் 1943க்குத் திருப்பிவிட்டால், காட்டுச் சேற்றில் முப்பது வருடம் உழைத்தவர்களின் சுவடு எங்கே இருக்கும்? அந்த ஜிப்பைப் பற்றவைத்தவரும் ஒரு தொழிலாளிதான். அப்படிப்பட்டவர்களுடைய வெல்டிங்கை நான் பார்த்திருக்கிறேன், எறும்பு ஊர்ந்த மாதிரி சீராக இருக்கும்.

குரோய்டன் வாசகர்: மேட்டடோர் அந்த லீட்ஸ் வாசகருடையது, காசும் அவருடையது. அவர் இஷ்டம்தானே?

அவர் இஷ்டம்தான். அதில் நான் தலையிடவில்லை. கேஸ் கட்டர் மட்டும் வேண்டாம் என்கிறேன். போல்ட்டில் நிற்கிற ஜிப் என்றால் கழற்றி, எண்ணெய் தடவி, கொட்டகையில் வையுங்கள். அடுத்து வாங்குகிறவர் மனம் மாறினால் திருப்பி மாட்டலாம். சட்டமும் பாருங்கள்: 1960க்கு முன் கட்டிய கனரக லாரியைச் சுமை ஏற்றாமல் ஓட்டினால் இங்கே வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை, ஆனால் 2018 மே முதல் உள்ள விதிப்படி கடந்த 30 வருடத்தில் சேஸிஸ், ஆக்ஸில், இஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சோதனை இல்லை என்பதால் பிரேக்கைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

கிளாஸ்கோ வாசகர்: 1944 பெட்ஃபோர்டுக்கு எந்தப் பச்சை?

மேலே சொன்னேன். ஏப்ரலுக்கு முன்னா பின்னா என்று சேஸிஸ் தகட்டைப் பாருங்கள்.

பிரிஸ்டல் வாசகர்: கிரீன் காடெஸ் என்பது ராணுவ லாரிதானே? வாங்கலாமா?

பெட்ஃபோர்ட் வண்டிதான், ஆனால் ராணுவத்துடையது அல்ல. துணைத் தீயணைப்புப் படைக்காக 1953 முதல் 1956 வரை கட்டியது. 1968இல் அந்தப் படையைக் கலைத்த பிறகும் கிடங்கில் வைத்திருந்து, 1977லும் 2002லும் தீயணைப்பு வீரர்களின் வேலைநிறுத்தத்தில் வெளியே எடுத்தார்கள். பல வண்டிகள் ஓடியதே சில ஆயிரம் மைல்தான். வாங்கலாம். 4.9 லிட்டர் பெட்ரோல் இஞ்சின். குடிப்பது தெரிந்து வாங்குங்கள்.

ஷெஃபீல்ட் வாசகர்: என் கியூ.எல். சக்கரம் பஞ்சர். நானே கழற்றிவிடலாம்தானே?

இதற்குத்தான் காத்திருந்தேன். அந்தச் சக்கரம் இரண்டு பாதிகளை நட் போட்டு இறுக்கியது. இரண்டு வட்ட நட்டுகள் தெரியும். நடுவை ஒட்டிய வட்டம் ஹப்பில் பிடிப்பது. அதைக் கழற்றினால் சக்கரம் வெளியே வரும். ரிம்முக்குப் பக்கத்து வட்டம் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பது. டயரில் காற்று இருக்கும்போது அதைத் தளர்த்தினால் மேல் பாதி பீரங்கிக் குண்டு மாதிரி வரும். அதனால்தான் ராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் அழகுக்காகச் சக்கரம் முழுவதும் ஒரே பச்சை அடித்துவிட்டார்கள். நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் ஒருவர் அப்படித் தளர்த்தினார். பாதிச் சக்கரம் கூரைத் தகட்டைக் கிழித்தது. அவர் ஓரமாகக் குனிந்திருந்ததால் உயிர் தப்பினார்.

டயர் வால்வின் உள்ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் போனதும் வால்வுத் துளையில் கம்பி விட்டு அடைப்பில்லை என்று பார்த்த பிறகுதான் அந்த நட். வேலை முடிந்ததும் முதல் காரியமாகச் சிவப்பு அடியுங்கள்.

டெர்பி வாசகர்: என்ன நிறம்...

மேலே பாருங்கள்.

லண்டன் வாசகர்: இப்போது என்ன விலைக்குப் போகிறது?

விலை சொல்வதில்லை.

லீட்ஸ் வாசகர் (மறுபடியும்): அண்ணா, ஜிப் பதினாறு போல்ட்டில்தான் நிற்கிறது, வெட்ட வேண்டியதில்லை. பானெட் பக்கவாட்டில் நீங்கள் சொல்லாமலே கொஞ்சம் தேய்த்தேன். சிவப்புக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே பழுப்பு, அதில் வெள்ளையாக ஏதோ எழுத்து. 'H' மாதிரி இருக்கிறது.

உடனே நிறுத்துங்கள். அது ராணுவப் பதிவு எண். பீரங்கி இழுக்கும் வண்டிகளுக்கு 'H'தான் முதல் எழுத்து. அடுத்து எண்கள் வலப்பக்கமாக இருக்கும். உலர்ந்த உப்புத்தாள் வேண்டாம்; 800 நம்பர் வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணீர், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தடவை. வெள்ளை தெரிந்ததும் கையை எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் இன்னும் தேய்க்காத இடத்தில்கூட எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். சிவப்பு பெயிண்டின் ஒரு துண்டையும் அப்படியே விட்டுவையுங்கள். மர வியாபாரியின் பெயர் மறுபக்கக் கதவில் இருக்கக்கூடும். நாளைக்கு அந்தக் கதவையும் சாய்வு விளக்கில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.