மேடவாக்கம் நெரிசலுக்கு எந்த கார்?

கேள்வி: தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு வேலைக்குப் போகிறேன். போக வர 40 கி.மீ. பட்ஜெட் 9 லட்சம். மைலேஜும் வேண்டும், ஓட்டினால் ஜாலியாகவும் இருக்க வேண்டும். ஸ்விஃப்டா, செலேரியோவா?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஜாலி வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டதால் ஸ்விஃப்ட்தான். காகிதத்தில் ஏஎம்டி (கியரைத் தானே மாற்றிக்கொள்ளும்) ஸ்விஃப்ட் லிட்டருக்கு 25.75 கி.மீ., செலேரியோ ஏஎம்டி 26.68. ஆனால் ஏசியை முழுசாக வைத்துக்கொண்டு மேடவாக்கம் சந்திப்பில் ஊர்ந்தால் இரண்டுமே அந்தக் கணக்கை மறந்துவிடும். மாதம் 24 நாள், 960 கி.மீ.; ஒரு கார் 16, இன்னொன்று 20 கொடுத்தால்கூட வித்தியாசம் 12 லிட்டர்தான். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,200 ரூபாய். இந்த இரண்டு கார்களுக்கும் நடுவே அவ்வளவு வித்தியாசம்கூட வராது.

ஏஎம்டி என்பது கிளட்சை நமக்குப் பதிலாக மோட்டார் மிதிக்கும் சாதாரண கியர்பாக்ஸ்தான், அதனால் கியர் மாறும்போது தலை லேசாக ஆடும், அது பிடிக்காவிட்டால் மேனுவல் வாங்குங்கள், இடது கால் மட்டும் திட்டும். மேம்பாலச் சரிவில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டராலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து, கருகிய கிளட்ச் வாசனையோடு வீடு வந்தேன்.

அப்புறம், டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலையில் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குக் கேளுங்கள், ஷோரூம்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.