அமெரிக்காவுல மக வீட்டுக்குப் போறேன், அங்க பட்டாசு செய்யலாமா?

கேள்வி: சிவகாசி பக்கம் ஒரு பட்டாசு ஆலையில 31 வருஷம் போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஜூன் மாசம் ஒஹையோவுல இருக்கிற மக வீட்டுக்கு விசிட்டர் விசாவுல 6 மாசம் போறேன். மகளும் மருமகனும் எச்1பி வேலை விசாவுல இருக்காங்க. பக்கத்து வீட்டு அமெரிக்கர் பொழுதுபோக்கா பேன்சி வெடி செய்றவர், வீடியோ கால்ல பேசிப் பழக்கமாயிட்டார். "வாங்க சேர்ந்து செய்வோம், சொந்த உபயோகத்துக்குன்னா இங்க லைசென்ஸே வேணாம்"ங்கிறார். மக வீட்டு கராஜ்ல வெச்சு செய்யலாமா? இங்கேர்ந்து கொஞ்சம் திரி மட்டும் பெட்டில கொண்டு போகலாமா?

பதில்: அண்ணாச்சி, முதல்ல பதிலைச் சொல்லிடறேன், வேணாம். செய்யவும் வேணாம், கைல எடுக்கவும் வேணாம், திரிய பெட்டில வைக்கவே வேணாம். ஏன்னு கேட்டா நீங்களே ஒத்துக்குவீங்க, ஏன்னா லைசென்ஸ்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, நாக்பூர்ல இருக்கிற மத்திய வெடிபொருள் துறை லைசென்ஸ், மாவட்ட வருவாய் அலுவலர் (டிஆர்ஓ) லைசென்ஸ், ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக்கூடாதுன்னு எல்லாத்தையும் 31 வருஷம் கட்டிக் காத்தவரு நீங்க.

பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லல. அமெரிக்காவுல வெடிபொருளைப் பாத்துக்கிறது ஏடிஎஃப்ங்கிற மத்திய அரசு அமைப்பு. வியாபாரத்துக்கு இல்லாம தன்னோட சொந்த உபயோகத்துக்கு ஒருத்தர் செஞ்சுக்கிட்டா, தயாரிப்பாளர் லைசென்ஸ் வாங்கச் சொல்லி அது கேக்கறதில்ல. ஆனா செஞ்சதை வண்டில வெச்சு வேற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொளுத்தணும்னா பர்மிட் வேணும், மிச்சம் இருக்கிறத வெக்க விதிப்படி மேகசின், அதாவது வெடிபொருள் வெக்கற கிடங்கு, வேணும், அதையும் ஆள் குடியிருக்கிற வீட்டுக்குள்ள வெக்கக்கூடாது. இதுக்கு மேல மாநிலச் சட்டம், ஊர்ச் சட்டம்னு தனித்தனியா இருக்கு. அதெல்லாம் அவரு கவலை.

உங்க கவலை வேற. அங்க சட்டம் என்ன செய்றீங்கன்னு மட்டும் பாக்காது, யார் கைல இருக்குன்னு முதல்ல பாக்கும். 2002-ல ஒரு சட்டம் போட்டாங்க, 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அடுத்த வருஷம், அதுல வெடிபொருளை வெச்சிருக்கவே கூடாதவங்க பட்டியல்ல புதுசா சிலரைச் சேத்தாங்க. அதுல ஒண்ணு வெளிநாட்டுக்காரங்க. கிரீன் கார்டு இருந்தா பிரச்சினையில்ல. விசிட்டர், ஸ்டூடண்ட், எச்1பி எல்லாரும் மாட்டுவாங்க. விதிவிலக்கு இருக்கு, ஆனா அது வெளிநாட்டு போலீஸ், நேட்டோ ராணுவம்னு போகுது, நம்மள மாதிரி ஆளுக்கு அதுல எதுவும் இல்ல. துப்பாக்கி விஷயத்துலயாவது வெளிநாட்டுக்காரர் வேட்டை லைசென்ஸ் எடுத்தா ஒரு வழி உண்டு, வெடிபொருளுக்கு அந்த வழியும் கிடையாது.

"பொட்டாஷும் கந்தகமும் தனித்தனி டப்பாவுல இருந்தா அது வெடிபொருளா"ன்னு கேப்பீங்க. இல்லதான். ஆனா ரெண்டையும் கலந்த நிமிஷம், நம்ம ஊர்ல மருந்துன்னு சொல்றோமே அது ஆயிடுச்சு, கருமருந்தும் சரி, வெடிக்குப் போடுற வெள்ளி மருந்தும் சரி, ஏடிஎஃப் வெளியிடற வெடிபொருள் பட்டியல்ல இருக்கு. உங்க கைல ஒரு கரண்டி மருந்து இருந்தாலும் வெச்சிருந்த கணக்குதான், 10 வருஷம் வரைக்கும் ஜெயில். இன்னொண்ணு, இந்தக் குற்றத்துல தண்டனை ஆச்சுன்னா குடியேற்றச் சட்டத்துல அதைக் கடுங்குற்றம்னே பேர் சொல்லி எழுதி வெச்சிருக்காங்க, நாடு கடத்துவாங்க, அப்புறம் பேரன் பேத்திய பாக்க விசாவுக்கு அலையா அலையணும்.

நீங்க மட்டும் மாட்டினா பரவால்லன்னு நினைப்பீங்க, அப்பாக்கள் அப்படித்தான் நினைப்பாங்க. ஆனா கராஜ் மக வீட்டு கராஜ். மக, மருமகன் ரெண்டு பேரும் எச்1பி, அவங்களும் அதே பட்டியல்ல இருக்கிறவங்க, மருந்து அவங்க வீட்டுல கெடந்துச்சுன்னா அவங்க கட்டுப்பாட்டுல இருந்துச்சுன்னு கேஸ் வரலாம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் தப்பிக்க மாட்டார், தடை உள்ளவருன்னு தெரிஞ்சே ஒருத்தர் கைல வெடிபொருளைக் கொடுக்கறது அவருக்கும் அதே 10 வருஷக் குற்றம். இதை அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க, மனுஷன் நல்லவரா இருந்தா கூப்பிடறத அவரே நிறுத்திக்குவார்.

திரி. இது எனக்கு உண்மையிலயே பயமா இருக்கு, ஏன்னா நீங்க அதை நூல் மாதிரி நினைக்கிறீங்க. கம்பி மத்தாப்பு ஒண்ணுகூட பிளேன்ல கைப்பைலயும் வைக்கக்கூடாது, உள்ள போடற பெட்டிலயும் வைக்கக்கூடாது. அதுக்கு மேல வெடிபொருளை லைசென்ஸ் இல்லாம அந்த நாட்டுக்குள்ள கொண்டு வந்த குற்றம் தனி. எங்க சித்தப்பா ஒருத்தர் கோயில் கொடைல ராத்திரி முழுக்க வெடி போட்டுட்டு அதே சட்டையோட மறுநாள் ஏர்போர்ட் போனார். ஒரு வெள்ளைத் துணியால கையைத் தடவி மெஷின்ல வெச்சாங்க, மெஷின் கத்திருச்சு. ரெண்டு மணி நேரம் தனியா உக்கார வெச்சு பெட்டியெல்லாம் கொட்டினாங்க, பாவம் பனங்கற்கண்டு பொட்டலத்தைக்கூட பிரிச்சுட்டாங்க. நீங்க கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆலைப் பக்கம் போறத நிறுத்துங்க, ஆலைக்குப் போட்டுட்டுப் போன செருப்பு, பை எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க.

வேற நாட்டுக்குப் போனாலும் கதை பெருசா மாறாது. இங்கிலாந்துல 2014 விதிகள்படி வெடிபொருள் தயாரிக்க லைசென்ஸ் வேணும். சிங்கப்பூர்ல 1972-லயே பட்டாசை நிறுத்திட்டாங்க. மால்டாவுல மட்டும் ஊர்த் திருவிழாவுக்கு ஊர்க்காரங்களே வாணம் செய்வாங்க, கேக்க ஆசையா இருக்கும், அதுவும் லைசென்ஸ் உள்ள ஆளு, லைசென்ஸ் உள்ள இடம்தான்.

அப்ப 6 மாசமும் சும்மா இருக்கணுமான்னா இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க கிளப்பா சேர்ந்து வாணவேடிக்கை விடற அன்னிக்கு கயிறு கட்டின எல்லைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்து பாருங்க, பாக்கறதுக்குத் தடையில்ல. கடைல விக்கிற சாதாரணப் பட்டாசு இந்த மத்தியச் சட்டத்துல வராது, அதை வாங்கி மாநிலமும் ஊரும் விடற நாள்ல கொளுத்தலாம். ஒஹையோவுல 2022 ஜூலையிலேர்ந்து பட்டாசு கொளுத்த அனுமதிச்ச நாள் பட்டியல்ல ஜூலை 4 மாதிரி தீபாவளியும் இருக்கு, சட்டத்துலயே பேர் போட்டு எழுதிருக்காங்க, ஆனா சில ஊர்கள் தங்களுக்கு வேணாம்னு தடை போட்டுருக்கு, அதனால மகளை அவங்க சிட்டி ஆபீஸ்ல ஒரு போன் போட்டுக் கேக்கச் சொல்லுங்க. ஜூன்ல போனா தீபாவளிக்கு அங்கதான் இருப்பீங்க, பேரன் கைல மத்தாப்பைக் கொடுத்து எப்படிப் புடிக்கணும்னு நீங்களே சொல்லிக் கொடுங்க, பக்கத்துல ஒரு வாளி தண்ணி இருக்கட்டும்.