குறும்படத்தில் கடமையும் மனசாட்சியும் மோதுவதை நம்பும்படி காட்டுவது எப்படி?

கொடுங்கோல் எதிர்காலத்தைச் சித்திரிக்கும் அறிவியல் புனைவுக் குறும்படத்தில், ஆணைக்குக் கட்டுப்பட்ட காவலர் மனம் மாறுவதை எப்படிக் காட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீர வசனத்தைவிடத் தயங்கும் கை அதிகம் பேசும். 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையில், ஆய்வாளரின் ஆணைப்படி அடுத்த அறையில் இருப்பவருக்கு 15 வோல்ட்டிலிருந்து படிப்படியாக மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிய 40 பேரில் 26 பேர், வியர்த்து நடுங்கியபடியே 450 வோல்ட் வரை சென்றார்கள். மனசாட்சி விழித்துத்தான் இருந்தது, விரலைத் தடுக்கும் வலிமை அதற்கு வரவில்லை. வலியில் துடிப்பதாக நடித்தவரை அதே அறையில் உட்காரவைத்தபோது, இறுதிவரை சென்றவர்கள் 40 விழுக்காடாகக் குறைந்தார்கள். ஆகவே, காவலரின் திரையில் வெறும் எண்ணாக ஒளிரும் கைதியை ஒரு காட்சியிலாவது அவருக்கு எதிரே, மூச்சுக்காற்று படும் தொலைவில் நிறுத்துங்கள். பொத்தானுக்கு மேல் நின்றுவிட்ட விரலைக் கேமரா நெடுநேரம் பார்க்கட்டும், அங்கே பின்னணி இசை வேண்டாம்.